எல்லோரும் வெளியேறிவிட்டார்கள்

வகுப்பாசிரியையிடமிருந்து அன்று மாலை வந்த தொலைபேசி அழைப்பு, முன்பு வந்த அழைப்புகளைப் போலவே மிகுந்த கனிவோடு தொடங்கியது.

"நாளைக்குச் சிட்டுவை அனுப்ப வேணாம்மா. மேல்மாடியில கொசு மருந்து அடிக்கிறாங்க. குழந்தைக்கு ஒத்துக்காது பாருங்க, அதான் சொல்லிடலாம்னு."

"சரிங்க டீச்சர்" என்றாள் சிட்டுவின் தாய்.

அவள் பேருந்து நடத்துநர். எத்தனை நெரிசலிலும், பயணச்சீட்டு வாங்காமல் வாங்கியவனைப்போல் நிற்பவனின் முகத்தை அடையாளம் கண்டுவிடுவாள். தொலைபேசியில் முகம் தெரியாவிட்டாலும் அதே பாவனை குரலில் தெரிந்தது. சென்ற முறை சுவருக்கு வண்ணம் அடித்தார்கள். அதற்கு முந்தைய முறை தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். அதற்கும் முன்னால் மின்கம்பியில் ஏதோ பழுது. ஒவ்வொரு முறையும் அவள் வேறொருவரிடம் கெஞ்சித் தன் பணிநேரத்தை மாற்றிக்கொண்டாள். மகளோடு வீட்டில் இருந்தாள். அதற்கு ஈடாக, பின்னர் விடியற்காலை வண்டியில் ஏறினாள். பள்ளியின் அக்கறையை எண்ணி நெகிழ்ந்தும் இருக்கிறாள். அந்த நெகிழ்ச்சியை நினைத்தபோதுதான் இப்போது பற்றிக்கொண்டு வந்தது.

சிட்டுவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் வலுவில்லை. மாடி வராந்தாவில் சக்கர நாற்காலியை அவள் உருட்டினால், மூன்றாம் வகுப்பில் அவளை முந்த ஆளில்லை. படிக்கட்டு ஒன்றுதான் அவளுக்கு அடங்கவில்லை. காலையில் தந்தை அவளைத் தூக்கிக்கொண்டு மாடியேறுவான். மாலையில் தாய் தூக்கிக்கொண்டு இறங்குவாள். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தாருங்கள் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கேட்டார்கள். "கீழ ரூமே இல்லையேம்மா, நான் என்ன செய்ய?" என்று தலைமையாசிரியை கைகளை விரித்தார். கீழ்த்தளத்தில் முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இருந்தன, அலுவலகம் இருந்தது, அவருடைய அறை இருந்தது, விருந்தினர்க்கான வரவேற்பறையும் இருந்தது. அந்த வரவேற்பறையில் ஒரு சோபாவும், வெற்றிக் கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரியும் ஆண்டு முழுவதும் தவறாமல் வருகை தந்துகொண்டிருந்தன.

உண்மை வெளிவந்தது சென்ற வாரம், ஓடும் பேருந்தில். சிட்டுவுக்குப் பக்கத்தில் உட்காரும் சிறுமி, வகுப்பில் 'ரேடியோ' என்று பெயரெடுத்தவள், தன் தாயோடு ஏறினாள். ஏறியதுமே ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டாள்.

"ஆன்ட்டி, மணியடிக்கிற அன்னைக்கெல்லாம் சிட்டு மட்டும் ஏன் லீவு போடுறா?"

"எந்த மணிடா கண்ணு?"

"நெருப்பு மணி ஆன்ட்டி! அது அடிச்சா எல்லாரும் வாயில விரல் வச்சுக்கிட்டு விறுவிறுன்னு கீழ போகணும். நாங்கதான் போன தடவை ஃபர்ஸ்ட். எங்களுக்கெல்லாம் ரிப்பன் குத்தினாங்க. சிட்டு வந்தா லேட்டாயிடும், ரிப்பன் கிடைக்காதுன்னு மிஸ் சொன்னாங்க."

ரேடியோவின் தாய் மகளின் தொடையில் கிள்ளினாள். ஒலிபரப்பு நின்றது. அடுத்த நிறுத்தம் வந்தது, போனது, விசில் எழவில்லை. இறங்க வேண்டியவர்கள் கூச்சலிட்டபோது ஓட்டுநர் தலையைத் திருப்பி, "என்னம்மா தங்கச்சி, விசிலோட சண்டையா?" என்றார்.

"இல்லண்ணே. நிறுத்துங்க. ஆளை இறக்காம போறது நமக்கு வேணாம்."

பள்ளியின் நுழைவாயிலில் ஒரு பலகை உண்டு: வட்டாரத்திலேயே மிக விரைவாக வெளியேறும் தொடக்கப்பள்ளி. அவள் அதை நாள்தோறும் படித்திருக்கிறாள். யார் வெளியேறுகிறார்கள், எதற்காக வெளியேறுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கொசு மருந்து அழைப்பு வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் கணவனிடம் சொன்னாள்: "நாளைக்கு அவளைக் கூட்டிட்டுப் போறோம்."

அவன் தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஒரு நாள்தானே. விட்டுடேன்."

"நெசமாவே தீப்பிடிக்கிற அன்னைக்கும் முந்தின நாளே ஃபோன் போட்டு லீவு விடுவாங்களா உன் பொண்ணுக்கு?"

"நான் அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிச் சொல்ற?"

"டீசியைக் கிழிச்சுக் கையில குடுத்துட்டா எங்க போவோம்? எத்தனை பள்ளிக்கூடம் ஏறி இறங்கினோம், மறந்துட்டியா? இவங்க ஒருத்தங்கதான் சேர்த்துக்கிட்டாங்க."

"சேர்த்துக்கிட்டாங்க. எரிஞ்சா எரியட்டும்னு சேர்த்துக்கிட்டாங்க."

சிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரிப்பன் வேணும்" என்றாள். அவன் தட்டை எடுத்துவைத்துவிட்டு அவளுடைய சீருடையைத் தேய்க்கப் போனான்.

மறுநாள் காலை அவன் மகளை மாடியில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தன் வேலைக்குப் போனான். தாய் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, காக்கிச் சட்டையோடு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே வந்த வகுப்பாசிரியை முதலில் சிட்டுவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். சன்னல் உதவவில்லை.

"என்னம்மா, நான்தான் நேத்தே சொன்னேனே..."

"கொசு மருந்து வாடையே வரலியே, டீச்சர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியை அவளை வராந்தாவுக்கு அழைத்துவந்தார். இளவயதுப் பெண், பொய் சொல்லிப் பழகியவர் அல்லர், சொல்லும்படி பணிக்கப்பட்டவர். அந்த வேறுபாடு சிட்டுவின் தாய்க்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் இரக்கப்படவில்லை.

"எனக்கு வேற வழி தெரியலம்மா. மேடம்தான் சொல்லச் சொன்னாங்க. ஃபயர் ஆபீசர் வர்ற நாள். இவளும் இருந்தா நேரம் கூடிப்போயிடும்."

"இவளுக்கு என்ன திட்டம் வச்சிருக்கீங்க? அதைச் சொல்லுங்க. மணி அடிச்சா என் பொண்ணு என்ன பண்ணணும்?"

"வகுப்பறையிலேயே காத்திருக்கணும். பொறுப்பாளர் வந்து கூட்டிட்டுப் போவார்."

"யாரு அந்தப் பொறுப்பாளர்?"

"பொறுப்பாளர்னா..." ஆசிரியை கழுத்தில் தொங்கிய பச்சை, சிவப்பு அட்டைகளைத் திருகினார். "பொறுப்பாளர்தான்."

"அவருக்குக் கை கால் இருக்கா? பேரு இருக்கா? இல்ல, காத்துல வருவாரா?"

"மெதுவா பேசுங்கம்மா. இதுக்கு முன்ன இருந்த வாட்ச்மேனைத்தான் போட்டிருந்தாங்க. அவர் வேலையை விட்டுப் போயிட்டாரு. அப்புறம் யாரையும் போடல."

"சரி" என்றாள் அவள். "அப்போ நாங்க காத்திருக்கோம். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

ஆசிரியை உள்ளே போய்ப் பிள்ளைகளுக்கு விதிமுறைகளை நினைவூட்டினார். குரல் ஒரு சீராக இல்லை. மணி ஒலித்தால் பையை எடுக்கக்கூடாது, பேசக்கூடாது, தள்ளக்கூடாது. மைதானத்தில் வரிசையில் நின்றதும் ஆசிரியர் தலைகளை எண்ணுவார். எல்லோரும் வந்திருந்தால் பச்சை அட்டையை உயர்த்துவார்; ஒருவர் குறைந்தாலும் சிவப்பு அட்டையை உயர்த்துவார். எல்லா வகுப்பும் பச்சையைக் காட்டிய பிறகே அதிகாரி கடிகாரத்தை நிறுத்துவார்.

"சிவப்பு காட்டினா என்ன மிஸ் ஆகும்?" என்று ரேடியோ கேட்டாள்.

"இதுவரைக்கும் காட்டினதில்ல. உக்காரு."

மணி அடித்தது. காதைக் கிழிக்கும் ஓசை. பிள்ளைகள் அற்புதமாகப் பழக்கப்பட்டிருந்தார்கள். உதட்டில் விரலை வைத்து, உயர வரிசையில், நூல் பிடித்தாற்போல் வெளியேறினார்கள். ஒரு சிறுவன் மட்டும் வாசலில் நின்று திரும்பி, "சிட்டு வரலியா மிஸ்?" என்றான். பின்னாலிருந்தவன் அவனை முதுகில் தள்ளினான். வரிசை நகர்ந்தது. ஆசிரியை கடைசியாகக் கதவருகே ஒருகணம் தயங்கினார். பிறகு அவரும் போய்விட்டார். தீ பரவாமலிருக்கக் கதவைச் சாத்திவிட்டுச் செல்ல வேண்டும் என்பது விதி. அந்த விதியை அவர் பிசகாமல் கடைப்பிடித்தார்.

சாத்திய கதவுக்கு இந்தப்புறம் இருவர் இருந்தார்கள்.

தாய் நினைத்திருந்தால் மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கலாம்; நாள்தோறும் அதைத்தானே செய்கிறாள். ஆனால் நெருப்பு, தாய் வரும்வரை காத்திருக்கும் வகையைச் சேர்ந்ததன்று. அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

மணி ஓய்ந்தது. காலியான மாடிக்கு ஓர் ஓசை உண்டு. மின்விசிறிகள் மட்டும் ஆளில்லாத பெஞ்சுகளுக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தன.

"அம்மா, பொறுப்பாளர் எப்ப வருவாரு?"

"வருவாரு."

"படிக்கட்டுல புகை வந்தா அவரால வர முடியுமா?"

"தெரியலடி."

சிட்டு நாற்காலியைச் சன்னலருகே உருட்டிப்போய் எட்டிப்பார்த்தாள். "எல்லாரும் கீழ நிக்கிறாங்கம்மா. ரேடியோ பேசிக்கிட்டே இருக்கா, மிஸ் பார்க்கல." சற்றுநேரம் கழித்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்: "இப்ப நான் எரிஞ்சு போயிட்டேனாம்மா?"

தாய் எழுந்து சன்னலுக்கு வந்தாள். மைதானத்தில் வரிசைகள் வரைந்துவைத்ததுபோல் நின்றன. தலைமையாசிரியை ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தார். அவர் பக்கத்தில் தீயணைப்பு அதிகாரி, கையில் கடிகாரத்தோடு நின்றார். முதல் வகுப்பு பச்சை. இரண்டாம் வகுப்பு பச்சை. நான்காவதும் ஐந்தாவதும் பச்சை. மூன்றாம் வகுப்பின் ஆசிரியை தலைகளை எண்ணினார். எண்ணிய கை நின்றது. அவர் மாடிச் சன்னலை நிமிர்ந்து பார்த்தார். அங்கே தெரிந்த இரண்டு முகங்களையும் பார்த்தார். பிறகு பச்சை அட்டையை உயர்த்தினார்.

"நிறுத்துங்க!" என்றது ஒலிபெருக்கி. "மாணவச் செல்வங்களே, போன தடவையைவிட இன்னும் குறைஞ்ச நேரம்! எல்லாரும் பத்திரமா வெளியேறிட்டோம். ஆபீசருக்கு ஒரு பெரிய கைதட்டல்!"

கைதட்டல் மாடிவரை வந்தது. மேலே வந்தது அது ஒன்றுதான்.

சிட்டுவின் தாய் கதவைத் திறந்து வராந்தாவுக்கு வந்தாள். படிக்கட்டின் தலைப்பில், சுவரில் பதித்த சிவப்புப் பெட்டிக்குள் மணியின் பொத்தான் இருந்தது.

"அம்மா, வேணாம்மா!" சிட்டு பின்னாலேயே உருண்டு வந்தாள். "எல்லாரும் என்னையே பார்ப்பாங்க."

"பார்க்கட்டும். இத்தனை நாளா பார்க்காம இருந்ததுதான் வினை."

அவள் பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். அழுத்திய விரலை எடுக்கவில்லை.

மைதானத்தில் கலையத் தொடங்கியிருந்த வரிசைகள் தடுமாறின. சில பிள்ளைகள் மீண்டும் உதட்டில் விரல் வைத்தார்கள், சிலர் சிரித்தார்கள், முதல் வகுப்பில் யாரோ ஓவென்று அழத் தொடங்கினார்கள். "யாரது மேல? மணியை நிறுத்துங்க! யார் அனுமதி கொடுத்தது?" என்று ஒலிபெருக்கி அலறியது.

அவள் விரலை எடுத்துவிட்டு வராந்தாக் கைப்பிடிச் சுவரருகே வந்து நின்றாள். அவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. கடைசி இருக்கைவரை கேட்கும்படி நாள் முழுவதும் கத்திப் பழகிய தொண்டை.

"நான்தாங்க! மூணாம் வகுப்புல ஒரு பிள்ளை இன்னும் மேல இருக்கு! எல்லாரும் வெளியேறிட்டாங்கன்னு சொன்னீங்களே, இவ யாரு? மேசையா, நாற்காலியா?"

"அம்மா, நீங்க முதல்ல கீழ வாங்க. ரூம்ல உக்காந்து பேசுவோம்."

"வர்றதுக்குத்தான் காத்திருக்கோம்! பொறுப்பாளரை அனுப்புங்க!"

தலைமையாசிரியை ஒலிபெருக்கியை வாயிலிருந்து விலக்கி அதிகாரியிடம் ஏதோ சொன்னார், புன்னகைகூடச் செய்தார். பிறகு ஆசிரியர்களை நோக்கி, "டீச்சர்ஸ், மறுபடி அட்டையைக் காட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்றார்.

முதல் வகுப்பு பச்சை. இரண்டாம் வகுப்பு பச்சை. மூன்றாம் வகுப்பின் ஆசிரியை கழுத்துக் கயிற்றை இழுத்து, பச்சை அட்டையை ஒதுக்கிவிட்டு, அதன் பின்னாலிருந்ததை உயர்த்தினார். சிவப்பு. உறை பிரிக்காத அட்டை. நெகிழித்தாள் வெயிலில் பளபளத்தது.

"டீச்சர், கீழ இறக்குங்க அதை."

"ஒருத்தர் குறையுதுங்க மேடம்."

"நான் சொல்றேன், இறக்குங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"ஒருத்தர் குறையுதுங்க மேடம்" என்றார் ஆசிரியை மறுபடியும். அழுதுகொண்டே சொன்னார். ஆனால் அட்டை இறங்கவில்லை.

அதிகாரி கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். சிவப்பு உயர்ந்திருக்கும்வரை அதை நிறுத்த அவருக்கு உரிமையில்லை. இரண்டாம் முறை மணி அடித்தபோது அவர் அதைத் தட்டிவிட்டிருந்தார் போலும்; அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தார். வகுப்பாசிரியை அவருக்கு முன்னால் ஓடினார்.

மேலே வந்த அதிகாரி மூச்சை இழுத்துக்கொண்டு, "இப்படி ஒரு குழந்தை இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலம்மா" என்றார்.

"நீங்க கேட்டீங்களா?"

அவர் பார்வை கையிலிருந்த கடிகாரத்துக்குப் போனது.

"ஒவ்வொரு தடவையும் வந்தீங்க. கடிகாரத்தைப் பார்த்தீங்க, கையைத் தட்டினீங்க, போயிட்டீங்க. நடக்க முடியாதவங்க யாராவது இருக்காங்களான்னு கேட்க எவ்வளவு நேரமாகும்? உங்க கடிகாரத்தையே பார்த்துச் சொல்லுங்க."

"தப்புதாம்மா."

"தப்புன்னு சொல்றது சுலபம். தூக்குங்க. நான் தொட மாட்டேன். நான் ஊரெல்லாம் டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருக்கறப்பதான் இங்க நெருப்புப் பிடிக்கும். நீங்க ரெண்டு பேரும் தூக்குங்க."

அவர்கள் சிட்டுவை நாற்காலியோடு தூக்கினார்கள். தவறாகத் தூக்கினார்கள். ஆசிரியை சக்கரத்தைப் பிடித்தார். அது கையில் சுழன்றது. படிக்கட்டின் முதல் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது, சிட்டு வீரிட்டாள். தாயின் உடல் முழுவதும் முன்னால் பாய்ந்தது. அவள் கைப்பிடிக் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"சக்கரத்தைப் பிடிக்காதீங்க மிஸ்! அது உருளும்னு தெரியாதா?" என்று சிட்டு கத்தினாள். "கீழ இருக்கிற கம்பியைப் பிடிங்க. சார், நீங்க முன்னாடி போங்க, நீங்கதான் குண்டா இருக்கீங்க."

அப்படித்தான் இறங்கினார்கள். நேரம் ஆயிற்று. பள்ளியின் பெருமையெல்லாம் கரைந்துபோகும் அளவுக்கு நேரம் ஆயிற்று. மைதானத்து விளிம்பில் நாற்காலியை இறக்கி வைத்தபோது யாரும் கைதட்டவில்லை. ரேடியோ மட்டும், "வந்துட்டாடா!" என்றாள். ஆசிரியை மூச்சிரைக்க வரிசைக்குப் போய், மறுபடியும் முதலிலிருந்து தலைகளை எண்ணிவிட்டு, பச்சை அட்டையை உயர்த்தினார். அதிகாரி கடிகாரத்தை நிறுத்தினார். அது காட்டிய நேரத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை.

தலைமையாசிரியை குரலைத் தாழ்த்திக்கொண்டு அருகில் வந்தார். "இத்தனை பிள்ளைங்களைப் பயமுறுத்திட்டீங்க. ஒரு குழந்தைக்காக..."

"ஆமாங்க மேடம். ஒரு குழந்தைக்காக. வண்டி கவுந்தா எத்தனை பேர் வெளிய வந்தாங்கன்னு எங்களை யாரும் கேட்க மாட்டாங்க. உள்ள யாரு இருக்காங்கன்னுதான் கேட்பாங்க."

"நீங்க செஞ்சதுக்கு உங்க பொண்ணு டீசியை இப்பவே..."

"குடுங்க. ஆபீசர் இங்கதான் நிக்கிறாரு. எதுக்காகக் குடுக்கிறீங்கன்னு அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் குடுங்க."

தலைமையாசிரியை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி, "மூணாம் வகுப்பு கீழ வர்ற வரைக்கும் என் கையெழுத்துக் கிடையாதுங்க" என்றார். அவர் குரலில் வீரம் எதுவுமில்லை. தாமதமாக வந்தவரின் கூச்சம்தான் இருந்தது.

"கீழ ரூம் இல்லையே சார். கமிட்டியில வச்சு..."

"அந்தச் சோபா ரூம் இருக்கே" என்றார் வகுப்பாசிரியை.

ஒருகணம் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு, தான் சொன்னதை யாரும் மறுப்பதற்குள் செய்துவிட வேண்டும் என்று பயந்தவர்போல், அவர் பிள்ளைகளை நோக்கித் திரும்பினார். "மூணாம் வகுப்பு, மேல போங்க. அவங்கவங்க பையை எடுத்துட்டு வாங்க. பெரியவங்க பெஞ்சைப் பார்த்துக்குவாங்க."

சோபா வராந்தாவுக்கு வந்தது. அதன் மூலை கதவு நிலையில் உரசியபோது தலைமையாசிரியை, "பார்த்து, பார்த்து! கீறல் விழும்!" என்று பதறினார். அன்று காலை முதல் அவர் பதறியது அப்போதுதான். சிட்டுவின் தாய் அதைக் கேட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் நிறுத்த முடியாது என்று தோன்றவே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வகுப்பாசிரியை அவளிடம் வந்தார். "மன்னிச்சிடுங்கம்மா."

"என்கிட்ட எதுக்கு? பச்சையைக் காட்டினப்ப சன்னல்ல ரெண்டு மூஞ்சி இருந்துச்சு. சின்னதுகிட்டக் கேளுங்க."

ஆசிரியை சிட்டுவின் நாற்காலியருகே குனிந்தார். என்ன சொன்னார் என்று தாய்க்குக் கேட்கவில்லை. சிட்டு அவரை வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள். மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. "எனக்கு முதல் வரிசை வேணும்" என்றாள். "கதவுப் பக்கத்துல."

முதல் வரிசை கிடைத்தது. பெஞ்சுகள் கோணல்மாணலாக நின்றன. கண்ணாடி அலமாரிக்குள் கோப்பைகள் பிள்ளைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆசிரியை கரும்பலகை இல்லாத சுவரின் முன் நின்று, பெருக்கல் வாய்ப்பாட்டை வாயாலேயே தொடங்கினார்.

தாய் வாசலில் நின்றாள். கோபம் இன்னும் தணியவில்லை. தணிய வேண்டிய காரணம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. நாளைக்கே சோபா உள்ளே திரும்பிவிடலாம். அடுத்த ஆண்டு நான்காம் வகுப்பு, அது மாடியில்தான். அதற்கும் வரவேண்டும். அதற்கு அடுத்த ஆண்டும் வரவேண்டும். வருவாள்.

சிட்டு வாய்ப்பாட்டை நிறுத்தாமலே வாசலைப் பார்த்தாள். கண்ணால் சாடை காட்டினாள். தாய்க்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், எரிச்சலோடு கிசுகிசுத்தாள்.

"போம்மா. கிளாஸ் நடக்குது."